மெத்தை முதலாளியின் தேர்தல் பிரச்சாரம்

"நம்ம சாவடியில ஒரே ஒரு செங்கொடி ஓட்டு விழுந்தாலும் என் மீசையை எடுத்துடறேன், சம்பந்தி!"

போனில் இப்படிச் சவால் விட்டபிறகுதான் மெத்தைக் கம்பெனி முதலாளி யோசிக்கவே ஆரம்பித்தார். ஆளுங்கட்சி வேட்பாளரே அவருடைய சம்பந்திதான். அந்தச் சாவடியில் ஓட்டு உள்ளவர்களோ கம்பெனித் தொழிலாளிகளும் முதலாளி வீட்டாரும் மட்டுமே. மீசையும் லேசுப்பட்ட மீசையல்ல. உச்சி வெயிலில் அதன் நிழலில் இரண்டு பேர் தாராளமாக ஒதுங்கலாம்.

சூப்பர்வைசரைக் கூப்பிட்டார். "அந்தச் செங்கொடிக்காரனுங்ககிட்ட அப்படி என்னய்யா இருக்கு? நாட்டையே தலைகீழாக்கணும்கறானுங்க!"

"நம்மாளுங்க நாள் பூரா மெத்தை தைக்கறாங்க சார். உட்கார ஒரு ஸ்டூல் கிடையாது. தலைகீழானா தேவலைன்னு நினைக்கறாங்க."

"ஸ்டூல் போட்டா தூங்கிடுவானுங்க. நான் பேசறேன், பாரு!"

மைக் வந்தது. பக்கத்திலேயே இருந்த அவர் வீட்டு ஜன்னல்கள் அதிர முழங்கினார்: "அவங்க ஜெயிச்சா, இந்தக் கம்பெனியை எங்கிட்டேருந்து பிடுங்கி உங்களுக்கே பங்கு போட்டுடுவாங்க!"

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "நிஜமாவா சார்?"

"அதுமட்டுமா! என்னையும் உங்களோட நிக்கவச்சுப் பஞ்சு அடைக்கச் சொல்லுவாங்க!"

விசில் பறந்தது. ஒருவர் ஆனந்தத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். செங்கொடிக் கட்சிக்குப் பிறந்த நாளிலிருந்து இப்படி ஒரு பேச்சாளர் வாய்த்ததில்லை.

"அவங்களுக்கே தோணாததையெல்லாம் சொல்லிக் குடுத்துட்டீங்களே சார்!" என்று சூப்பர்வைசர் தலையில் கைவைத்தார்.

"பதறாதே. போட்டாத்தானேய்யா ஓட்டு!"

தேர்தலன்று அவசர ஆர்டர் என்று சொல்லி, சூப்பர்வைசர் உட்பட அத்தனை பேரையும் உள்ளே வைத்துக் கம்பெனி கேட்டைப் பூட்டினார். சாவியும் கையுமாக, மீசையை முறுக்கியபடி, அவரே காவலிருந்தார். தம்முடைய ஓட்டைப் போடக்கூட நகரவில்லை.

முடிவு வந்தது. சம்பந்தி கூப்பிட்டார். "உங்க சாவடியில விழுந்ததே மொத்தம் நாலு ஓட்டு. நாலும் செங்கொடி. சவரம் எப்ப சம்பந்தி?"

முதலாளி போனை வைத்துவிட்டு வீட்டு வாட்ச்மேன்மேல் பாய்ந்தார். "எந்த நாலு பேருய்யா சுவரேறிக் குதிச்சது?"

"யாரும் குதிக்கலீங்க ஐயா. பெரியம்மா, நம்ம வீட்டம்மா, சின்னவரு, மருமகப்பொண்ணு நாலு பேரும், 'இந்த மனுஷனை வேலை செய்யவைக்க ஒரு கட்சி இருக்கறது இத்தனை நாளா நமக்குத் தெரியாமப் போச்சே'ன்னு பேசிக்கிட்டே வீட்டு வாசல் வழியாத்தான் போனாங்க!"