மாப்பிள்ளை பாறைக்கடியில் வைத்த டப்பா

தெமோதரை,
தை மாதம், மழை விடாத ஒரு ஞாயிறு.

என்றும் மதிப்புக்குரிய மாப்பிள்ளை யதுர்ஷன் அவர்களுக்கு,

மாமனார் சோலைமலை எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மாமி விஜயலெட்சுமியும் ஆண்டவன் விட்டுவைத்த அளவுக்கு நலம். மெல்போர்னில் நீங்களும் மகள் நிரஞ்சலாவும் பேத்தி மிதுஷாவும் அதைவிட நலமாக இருக்க வேண்டும் என்று ரயிலடிப் பிள்ளையாரை வேண்டிக்கொள்கிறேன். எனக்கு முழங்கால் வலி முன்பு இடது காலில் மட்டும் இருந்தது, இப்போது இரண்டு காலும் சமரசமாகிவிட்டன. மாமிக்குப் பிரஷர். கூரையில் இரண்டு தகரம் போன மழையோடு போய்விட்டது. மற்றபடி சௌக்கியம்.

வாட்ஸ்அப் இருக்க இந்த மனுஷன் எதற்கு முத்திரை ஒட்டிக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பீர்கள். போனில் நான் ஒரு வார்த்தை பேசினால் சமையலறையில் இருக்கும் நிரஞ்சலாவுக்கும் கேட்கும். இது உங்களுக்கும் எனக்கும் மட்டுமான விஷயம், தயவுசெய்து அவளிடம் காட்ட வேண்டாம். உப தபாலதிபராக இருந்து ஓய்வுபெற்றவன் என்பதால் மூடிய உறையின் மேல் எனக்கு இன்னும் நம்பிக்கை இருக்கிறது. மிச்சம் இருக்கிற நம்பிக்கை அது ஒன்றுதான் என்றும் சொல்லலாம். விஷயம் வேறொன்றுமில்லை, நீங்கள் வைத்துவிட்டுப் போன டப்பாதான்.

ஆறு வருடத்துக்கு முன் நீங்கள் மூவரும் கடைசியாக வந்திருந்தபோது, கிளம்புகிற அன்று காலையில் என்னைத் தேயிலை மலைக்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள். சவுக்கு மரத்துக்குக் கீழே இருக்கும் பாறையின் இடுக்கில் ஒரு பச்சை நிறச் சாப்பாட்டு டப்பாவைச் செருகி, மேலே காய்ந்த இலையைப் போட்டு மூடினீர்கள். உலகம் முழுக்க ஆட்கள் இப்படி டப்பாக்களை ஒளித்துவைத்து, இடத்தின் எண்களை இணையத்தில் போடுவார்களாம், வேறு ஆட்கள் போனைப் பிடித்துக்கொண்டு தேடி வருவார்களாம், கண்டுபிடித்தால் உள்ளே இருக்கும் தாளில் பெயரை எழுதிவிட்டு மறுபடி அங்கேயே வைத்துவிட்டுப் போவார்களாம். "ஜியோகேச்சிங் எண்டு சொல்லுறது மாமா. நடக்கிறது உங்கட உடம்புக்கு நல்லம், மனசுக்கும் நல்லம், கனக்க ஆக்கள் பழக்கமாவினம். ஓய்வெடுத்த ஆக்களுக்கு இதைவிட வேறென்ன வேணும்?" என்றீர்கள். பதுளையில் உத்தியோகம் பார்த்த உங்கள் அப்பாவும் இப்படித்தான், நலம் விசாரித்தாலும் சுற்றறிக்கை வாசிப்பதுபோல இருக்கும். நான் மரியாதைக்குத் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்காக டப்பாவின் காவல்காரன் உத்தியோகம் எனக்குக் கிடைத்தது. முகவரி இருந்தும் ஆள் இல்லாத கடிதங்களைக் காலமெல்லாம் பார்த்தவன் நான், ஆளே குடியிருக்காத பாறைக்கு முகவரி கொடுத்ததை அன்றுதான் பார்த்தேன்.

நீங்கள் சொன்ன பலன்கள் ஒன்றுவிடாமல் கிடைத்தன, அதை மறைத்தால் பாவம். உடம்புக்கு நல்லது என்றீர்கள். ஞாயிறுதோறும் மலையேறி அட்டைக்கு ரத்த தானம் செய்தேன், ஒரு தடவை குளவி கொட்டி முகம் பூசணிக்காயாகி பதுளையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன். ஆட்கள் பழக்கமாவார்கள் என்றீர்கள். பக்கத்துக் கட்டிலில் அதே குளவிக் கொட்டோடு கிடந்த பசறைக்காரர் ஒருவர் பழக்கமானார், அவரைப் பற்றிப் பிறகு வருகிறேன். டப்பாவைத் தேடியும் உண்மையாகவே ஆட்கள் வந்தார்கள். எல்ல ஊர்ப் பக்கம் சுற்றிப் பார்க்க வருகிற வெளிநாட்டுப் பிள்ளைகள், அரைக்கால் சட்டையும் முதுகில் மூட்டையுமாகத் தண்டவாளத்தோரம் நடந்து வந்து, போனைப் பார்ப்பதும் மலையைப் பார்ப்பதுமாக நிற்பார்கள். நான் கூட்டிவந்து மாமியிடம் தேத்தண்ணி போடச் சொல்லுவேன். ஒருநாள் கொரியாக்காரப் பெண் ஒருத்தி டப்பாவுக்குள் இருந்த ரப்பர் பொம்மையைக் காட்டி இது யாருடையது என்று கேட்டாள். பேத்தியுடையது, இரண்டு வயதில் பிடிவாதம் பிடித்து உள்ளே போட்டது, ஒரு கையை அவளே கடித்துத் தின்றுவிட்டாள் என்றேன். பேத்தி எங்கே என்றாள். வருவாள் என்றேன். கண்காணாத தேசத்துப் பிள்ளைகள் எல்லாம் அந்தப் பாறைக்கு வழி கண்டுபிடித்து வந்துவிட்டார்கள். வர வேண்டியவர்களுக்குத்தான் முதலில் கொரோனா, பிறகு இங்கே பெட்ரோல் வரிசை, பிறகு உங்கள் வீட்டுக் கடன், பிறகு லீவு இல்லை. குற்றமாகச் சொல்லவில்லை மாப்பிள்ளை, நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

கேடு தொடங்கியது எங்கே என்றால், டப்பாவை எடுக்கும்போது யாரும் பார்க்கக் கூடாது என்ற உங்கள் விதியில். நான் அரசாங்கத்துக்கு வேலை செய்தவன், விதி என்றால் விதிதான். பாறைக்குப் பக்கத்தில் போய், வலமும் இடமும் பார்த்து, குனிந்து, கையை உள்ளே விட்டு, சத்தமில்லாமல் எடுத்து, தாளில் "டப்பா சௌக்கியம், சோலைமலை" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, பதுங்கிப் பதுங்கி இறங்கி வருவேன். ஞாயிற்றுக்கிழமையில் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கும் பெண்கள் மேல் மலையில் இருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். முதலில் எனக்கு வயிற்றுக் கோளாறு என்று முடிவு செய்து மாமியிடம் வெந்தயம் கொடுத்தனுப்பினார்கள். பிறகு நான் புதையல் தோண்டுகிறேன் என்று பேச்சு வந்தது, என் கையில் சேவல் இருந்ததைப் பார்த்தவர்கள்கூட இருந்தார்கள். அதையும் தாங்கிக்கொண்டேன். மார்கழிக் கடைசியில், மேல் லயத்தில் குடியிருக்கும் புஷ்பராணி இன்றைக்கு என்னவென்று பார்த்தேவிடுவது என்று பாறைக்குள் கையை விட்டு டப்பாவைத் திறந்துவிட்டாள்.

உள்ளே என்ன இருந்தது என்று உங்களுக்குத் தெரியும், நீங்கள் வைத்ததுதானே. அதையே அவள் கண்ணால் ஒரு தடவை பாருங்கள். ஒரு கை இல்லாத பொம்மை. பேத்தியின் தலைக் கிளிப், அதில் சிக்கிய இரண்டு முடி. இது கைமாறிக் கைமாறி உலகமெல்லாம் பயணம் போகும் என்று சொல்லி நீங்கள் போட்ட, எழுத்தும் நம்பரும் வெட்டிய உலோகத் தகடு. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தாள், அதில் யாருக்கும் வாசிக்க வராத எழுத்துகள், நடுவே நடுவே சோலைமலை, சோலைமலை, சோலைமலை என்று என் பெயர். பொம்மை, முடி, தகடு, பெயர். அதையே தொழிலாக வைத்திருக்கிறவன்கூட இவ்வளவு ஒழுங்காக ஒரு செய்வினை வைத்திருக்க மாட்டான் மாப்பிள்ளை. புஷ்பராணி டப்பாவை இருந்த இடத்திலேயே திணித்துவிட்டு, கொழுந்துக் கூடையையும் போட்டுவிட்டு ஓடிவந்தாள். மறுநாள் காலை பெரட்டில் ஆட்களுக்கு வேலை பிரிக்க வந்த கங்காணி, வேலையைப் பிரிக்காமல் இந்தக் கதையைக் கேட்டுக்கொண்டு நின்றாராம்.

அன்றிலிருந்து நம் வீடு எழவு விழுந்த வீடு மாதிரி ஆகிவிட்டது. நான் உயிரோடு உட்கார்ந்திருக்கும்போதே, "பாவம் ஐயா, யாருக்கும் ஒரு கெடுதி நெனச்சதில்ல" என்று என் நல்ல குணங்களைச் சொல்லி அழுதார்கள். வேலித் தகராறில் வருடக்கணக்காகப் பேசாமல் இருந்த பக்கத்து வீட்டு றவூப் நானாகூட வாசலில் வந்து நின்று, "போஸ்மாஸ்டர், அல்லாஹ் மேல சத்தியமா இது நான் வெச்சதில்ல" என்றார். நான் அவரைக் கேட்கவே இல்லை. என் முழங்கால், மாமியின் பிரஷர், காய்க்காத பலாமரம், போன கூரைத் தகரம், எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் அகப்பட்டுவிட்டது. மாமி மட்டும் வேறு எதையும் சொல்லவில்லை. "அதான் எம்புள்ள வரல. அவளாத்தான் வராம இருக்கான்னு நெனச்சு எத்தன நாள் மனசுக்குள்ள அவளத் திட்டிட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

இது செய்வினையும் இல்லை ஒன்றும் இல்லை, விளையாட்டு என்று நான் எழுந்து நின்று சொன்னேன். "அப்ப வெச்சது யாரு?" என்றார்கள். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. "நம்ம மாப்பிள்ளை" என்றேன். "சொந்த மருமகனா!" என்று புஷ்பராணி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். அப்படியில்லை, வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள் நாம் நிற்கிற இடத்தைக் கண்டுபிடித்துச் சொல்லும் என்று நான் விளக்க விளக்க நிலைமை இன்னும் மோசமானது. "மேல இருந்து வேற பாத்துக்கிட்டு இருக்காங்களா?" என்று பயந்துபோய் அந்த மலைக்குக் கொழுந்தெடுக்க யாருமே போகவில்லை. எப்படியாவது அந்தச் சனியனை எடுத்துத் தொலையுங்கள் என்று தோட்டத்துத் துரையே ஆளனுப்பினார். நானே போய் எடுத்துவிடுகிறேன் என்று செருப்பைப் போட்டேன். மாமி வாசலில் குறுக்கே படுத்துக்கொண்டாள், யார் பேரில் வைத்ததோ அவன் முதலில் தொட்டால் ரத்தம் கக்கிச் செத்துப்போவானாம்.

ஆகவே ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் கிடந்தாரே பசறைக்காரர், அவர் வரவழைக்கப்பட்டார். பெயர் வேலாண்டி. வினை எடுக்கிற பூசாரியாம். ஆஸ்பத்திரியில் அதை என்னிடம் சொல்லவில்லை, குளவியிடம் தோற்றுப்போய்ப் படுத்திருந்ததால் கூச்சமாக இருந்திருக்கும். வந்தவர் ஒரு எலுமிச்சம்பழத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, யாரிடமும் வழி கேட்காமல், மழையோடு மழையாக மலையேறினார், நாங்கள் எல்லாரும் பின்னால் போனோம். நீங்கள் போன பிறகு நான் முதல்முதலாகத் தனியே போனபோது, உங்கள் போன் ஒவ்வொரு தடவையும் முப்பதடி தள்ளி என்னைத் தண்ணீர் ஓடும் கானுக்குள் இறக்கிவிட்டது. பூசாரியின் எலுமிச்சம்பழம் நேராகப் பாறைக்கு முன்னால் போய் நின்றது. புஷ்பராணி போட்டுவிட்டு ஓடிய கொழுந்துக் கூடை பக்கத்திலேயே கிடந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம், ஆனால் அவ்வளவு பேருக்கு முன்னால் அதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

டப்பாவைத் திறந்து ஒவ்வொன்றாக வாழையிலையில் எடுத்து வைத்தார். நான் கிட்டே போய், "பூசாரி, உங்களுக்கே தெரியும், இது சும்மா விளையாட்டுச் சாமான்" என்றேன். அவர் கோபிக்கவில்லை. "இருக்கட்டும் சார். நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறேன். இந்தப் பொட்டிய வெச்சதுக்கப்புறம் ஒங்க மக வந்து வீட்டு வாசப்படிய ஒருதடவயாச்சும் மிதிச்சுச்சா?" என்றார். மாப்பிள்ளை, செயற்கைக்கோளைப் பற்றிக் கேட்டிருந்தால் நான் எப்படியாவது ஒரு பதில் சொல்லியிருப்பேன். இதற்கு அழுகைதான் வந்தது. மலையில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். வினை இறங்குகிறது என்று எல்லாருக்கும் திருப்தி.

டப்பாவையும் உள்ளே இருந்த அத்தனையையும் ஓடுகிற தண்ணீரில் விட வேண்டும் என்றார். "ஒரு மண்டலத்துக்குள்ள மக வந்து நிக்கும். வரலைன்னா, ஏதோ ஒண்ணு தண்ணியில போகாம ஒங்ககிட்டயே தங்கிருச்சுன்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டு, அவருக்குரிய சேவலை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார். நானும் கீழே ஆறு ஓடும் ஓயாக்கரைக்குப் போய் எல்லாவற்றையும் தண்ணீரில் விட்டுவிட்டு வந்தேன்.

ஆகையால் மாப்பிள்ளை, இணையத்தில் அந்தப் பாறையின் எண்களை அழித்துவிடுங்கள். காவல்காரன் உத்தியோகத்தில் இருந்து நான் விலகிக்கொள்கிறேன். இனி நான் எதையும் தேடுவதாக இல்லை, யாரையும் எதிர்பார்ப்பதாகவும் இல்லை. மண்டலம் கிண்டலம் எல்லாம் அறிவுள்ளவன் கணக்கில் வராது. நீங்கள் அவசரப்பட்டு டிக்கெட் எடுக்க வேண்டாம். பேத்திக்குப் பள்ளிக்கூடம் தொடங்கும், இங்கே என்றால் மழை, அட்டை, எந்த நேரம் எந்த மலை சரியும் என்று தெரியாது. தோட்டத்திலும் இப்போது உங்கள் பெயரைச் சொன்னால் பிள்ளைகள் சாப்பாட்டை ஒழுங்காகச் சாப்பிடுகின்றன, நிலைமை அப்படி இருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் பழகிவிட்டோம்.

ரயிலடிப் பிள்ளையார் உங்கள் மூவருக்கும் தீர்க்காயுசையும், அந்த வீட்டுக் கடனுக்கு ஒரு முடிவையும் தந்தருள வேண்டும் என்று வாழ்த்தும்,

மாமனார்,
மு. சோலைமலை,
உப தபாலதிபர் (ஓய்வு).

பி.கு.: நிரஞ்சலாவிடம் காட்ட வேண்டாம் என்று மேலே எழுதியிருந்தேன். காட்டுங்கள். எண்களையும் இப்போதைக்கு அழிக்க வேண்டாம். எல்லாவற்றையும் ஓயாவில் விட்டேன் என்று எழுதியதும் சரியில்லை, கிளிப்பை விடவில்லை. அதில் பேத்தியின் முடி இருந்தது, கை வரவில்லை. என் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்திருக்கிறேன், மாமிக்குத் தெரியாது. மாமி கேட்டுக்கொண்டதால் உங்கள் அறைக்கு வெள்ளையடித்திருக்கிறேன். மண்டலம் மாசி மகத்தை ஒட்டி முடிகிறது. அதற்குள் நீங்கள் வந்தால் பூசாரி சொன்னது பலித்தது என்பார்கள். வராவிட்டால் கிளிப்பை வைத்துக்கொண்ட என்னால்தான் என்று நானே நினைத்துக்கொள்வேன், அப்போதும் அவர் சொன்னதுதான். எப்படிப் பார்த்தாலும் பூசாரிதான் ஜெயிக்கப் போகிறார். ஜெயிச்சுட்டுப் போகட்டும் மாப்பிள்ளை, புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு வாங்க.