துத்தநாக சல்பேட்டும் என் ஞாயிற்றுக்கிழமையும்

இனி ஞாயிற்றுக்கிழமைகளில் வயலில் கால் வைப்பதில்லை. காபி குடித்த கையோடு என் மனைவி ஆதிலட்சுமியிடம் இதை அறிவித்துவிட்டேன். பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதியியல் நடத்துகிறவன் நான். பாகூர் ஏரிப் பாசனத்தில் இருக்கும் இரண்டு ஏக்கர் அவள் அப்பா கொடுத்தது. சேற்றை அவர் என் பெயரில் எழுதி வைக்கவில்லை.

அவள் சண்டைக்கு வரவில்லை. அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"சரி. பயிரு செவந்து நிக்குது. ஜிங்க் சல்பேட் இருவது கிலோ வாங்கியாந்துட்டேன். எறைக்கணும்."

"இருபதா? யாரு போட்ட கணக்கு?"

"ஊரே போடுது. ஏக்கருக்குப் பத்து."

"ஊருக்கு மூலக்கூறு நிறை தெரியுமா?"

"உங்களுக்குத் தெரியுமில்ல, போட்டுக் காட்டுங்களேன்."

காலண்டர் தாளின் முதுகில் போட்டேன். துத்தநாகம் 65.4. கந்தகம் 32. ஆக்சிஜன் நான்கு, 64. கூட்டினால் 161.4. அதில் துத்தநாகம் நூற்றுக்கு நாற்பது. ஏக்கருக்கு இரண்டு கிலோ துத்தநாகம் சேர்ந்தால் போதும்.

"ரெண்டு ஏக்கருக்கும் சேர்த்தே பத்து கிலோதான்! பாதியை வீணாக்கப் பார்த்தியே!"

"கணக்கு தப்பா இருந்தா?"

"என் கணக்கா? தப்புன்னா இந்தக் கையாலேயே எறைக்கிறேன். சரின்னா ஞாயிற்றுக்கிழமை எனக்கு. ஆயுசுக்கும்!"

"பேச்சு மாறக் கூடாது."

பையைத் திருப்பிக் காட்டினாள். துத்தநாகம் 21 சதவீதம்.

"கலப்படம்! இன்னைக்கே புகார் எழுதறேன்."

"அப்புறம் எழுதலாம். அந்த உப்போட ஏழு தண்ணி ஒட்டிக்கினு வருமே, அத்த இன்னா பண்ணீங்க?"

"தண்ணியெல்லாம் நிறையில சேராது" என்றேன். பின்வாங்கும் பரம்பரை இல்லை எங்களுடையது.

"போன பரீட்சைக்குக் கேள்வித்தாள் டைப் அடிச்சது யாரு? பதினாலாவது கேள்வி. 'படிக நீரைச் சேர்க்காதவருக்கு மதிப்பெண் கிடையாது.' அடியில கோடு வேற போடச் சொன்னீங்க."

ஏழு நீர், 126. மொத்தம் 287.4. நாற்பது சரிந்து இருபத்து மூன்றில் நின்றது. பையின் இருபத்தொன்றை வைத்துப் பார்த்தால் தேவை பத்தொன்பது கிலோ.

"பார்த்தியா? ஊர்க் கணக்குல ஒரு கிலோ அதிகம்!" என்று முழங்கினேன்.

"அந்த ஒரு கிலோவ எறைக்காம எடுத்தாந்துடுங்க."

மணலில் உப்பைக் கலந்து, பேசினை இடுப்பில் ஏந்தி, தலை நிமிர்ந்தே நடந்தேன். தோற்றவன் நடையா அது? மண்ணை ஆராயப் புறப்பட்ட விஞ்ஞானியின் நடை. முதல் வரப்பிலேயே வழுக்கி விழுந்ததும் ஆராய்ச்சியில் சேர்த்திதான்.

உச்சிவெயிலில் முழங்கால் சேற்றோடு கரையேறினேன். எங்கள் வயலுக்கு வழக்கமாக உரம் இரைக்கும் இருசப்பன், புதுச்சட்டை போட்டு, சந்தனம் பூசி, பைக்கில் வந்து நின்றான்.

"இன்னைக்குப் பார்த்து எங்கடா போயிட்டே?"

"வில்லியனூர்ல மச்சான் கல்யாணம் சார். அக்கா நேத்தே சொல்லிட்டாங்களே, 'நீ நிம்மதியா போய் வா, சார் எறைச்சிடுவாரு'ன்னு."

"நேத்தேவா?" நான் பந்தயம் கட்டியதே இன்று காலையில்தான்.

"ஆமா சார். 'தண்ணிய வுட்டுட்டுத்தான் கணக்கு போடுவாரு, பாரு'ன்னு சொல்லிச் சிரிச்சாங்க. அது இன்னா தண்ணி சார்?"