சங்கிலிபூதத்தானின் முப்பத்தொரு மணி நேரம்

"இட்லி சூடா இருக்கே சார். அப்ப மணி ஏழரைக்கு மேல இருக்காது, சரிதானா?" என்றார் சங்கிலிபூதத்தான்.

வைத்தி பதில் சொல்லக் கூடாது. மணி என்ன என்று அவருக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் ஆராய்ச்சி.

பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றின் விலங்கியல் துறையில் பழைய சாமான் அறை ஒன்று இருந்தது. அதன் ஜன்னலை அடைத்து, சுவரெல்லாம் தெர்மோகோல் ஒட்டி, சங்கிலிபூதத்தானைப் பதினைந்து நாளைக்கு உள்ளே விட்டிருந்தார்கள். கடிகாரம் கிடையாது, ரேடியோ கிடையாது, பேப்பர் கிடையாது. மனித உடம்புக்குள்ளேயே ஒரு கடிகாரம் உண்டு. சூரியனைக் கண்ணில் காட்டாமல் விட்டால் அது எத்தனை மணி நேரத்தை ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளும்? இதைக் கண்டுபிடிக்கத்தான் வைத்தி, அதே துறையில் பாடமும் நடத்திக்கொண்டு, ஒன்பது வருஷமாக பி.எச்டி. செய்துகொண்டிருந்தார்.

அறைக்குள் ஒரு விளக்கு, அதற்கு ஒரு சுவிட்ச். தூக்கம் வந்தால் அணைக்க வேண்டும், விழித்தால் போட வேண்டும். போட்டதும் வெளியே மணி அடிக்கும், சுருள் காகிதத்தில் ஒரு பேனா கோடு இழுக்கத் தொடங்கும். மணி அடித்தால் வைத்தி சாப்பாட்டோடு உள்ளே போய், மெலடோனின் அளவு பார்ப்பதற்காகக் குப்பியில் எச்சில் பிடித்து வர வேண்டும். மெலடோனின் என்பது இருட்டினதும் மூளைக்குள் சுரந்து, 'ராத்திரியாயிற்று' என்று உடம்புக்குச் சொல்லும் சமாசாரம்.

இதற்கு முன்பு இரண்டு பேரை உள்ளே விட்டுப் பார்த்தாயிற்று. ஒருவன் மூன்றாம் நாள் கதவைத் தட்டி அழுதான். இன்னொருவன் ஜட்டிக்குள் கைக்கடிகாரம் வைத்திருந்தான். வைத்தியின் பி.எச்டி. பதிவுக்காலம் இந்தத் தொண்ணூற்றாறு டிசம்பரோடு முடிகிறது.

"என்னவே வைத்தி, இந்தத் தடவையும் ஆளு ஓடினா, பின்னாடியே நீரும் ஓடிரும்" என்று வழிகாட்டிப் பேராசிரியர் திருஞானசம்பந்தம் சொல்லியிருந்தார். அவர் கோபப்பட்டுச் சொல்லவில்லை. அதுதான் வைத்திக்குப் பயமாக இருந்தது.

சங்கிலிபூதத்தான் ஓடுகிற ஆள் இல்லை. பஸ் ஸ்டாண்டில் இருபத்திரண்டு வருஷமாக டைம் கீப்பர். "பதினஞ்சு நாளைக்கு ஒருத்தனும் எங்கிட்ட மணி கேக்காம இருந்தாப் போதும் சார்" என்று லீவு போட்டுவிட்டுச் சந்தோஷமாக வந்தார். வந்த இடத்தில் அவரே மணி கேட்க ஆரம்பித்தார். பழக்கதோஷம்.

இட்லியை நிறுத்தினார் வைத்தி. எந்த வேளைக்கும் எலுமிச்சம்பழச் சாதம் என்று ஏற்பாடாயிற்று.

அடுத்த தடவை சங்கிலிபூதத்தான் சாதத்தைப் பார்க்கவில்லை, வைத்தியின் தாடையைப் பார்த்தார்.

"சவரம் புதுசா இருக்கு. காலையில எட்டு மணி."

வைத்தி சவரத்தை நிறுத்தினார்.

"திருநீறு இன்னும் ஈரம் காயல. இப்பத்தான் குளிச்சிருக்கிய. மிஞ்சிப் போனா ஆறரை."

வைத்தி குளிக்கும் நேரத்தை மாற்றினார். சாயங்காலம் நாலு மணிக்குப் பல் தேய்த்தார், பகல் பன்னிரண்டுக்கு வேட்டி மாற்றிப் படுத்தார்.

மனைவி ஜயலக்ஷ்மி மூன்று நாள் இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்னா, உள்ள அடைச்சு வச்சிருக்கறது உங்களையா, அவரையா?"

"இது விஞ்ஞானம், ஜயா."

"விஞ்ஞானம்னா காபிக்கு ஒரு நேரம் வேண்டாமா? வெள்ளிக்கிழமை குழந்தைக்குக் காது குத்தல். எங்கப்பா எல்லாருக்கும் சொல்லியாச்சு. கல்லிடைக்குறிச்சில ஏழு மணிக்கு நீங்க நிக்கணும். இந்தத் தாடியோட வந்தாலும் பரவாயில்லை, வந்துடணும்."

"ஏழு மணி. முடிஞ்சது" என்றார் வைத்தி.

இதைவிடப் பெரிய சிக்கல் போன். வைத்தி வீட்டில் போன் இல்லை. மணி அடித்ததும் அட்டெண்டர் காஜா முகைதீன் துறையிலிருந்து பக்கத்து வீட்டு லில்லி டீச்சருக்குப் போன் செய்வார். டீச்சர் மதில் வழியாக, "வைத்தி சார், உங்க ஆளு முழிச்சிட்டாராம்!" என்று கூப்பிடுவார். முதல் நாள் சிரித்துக்கொண்டே கூப்பிட்டார். இரண்டாம் நாள் சிரிக்காமல் கூப்பிட்டார். நாலாம் நாள் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டு ஜெபக்கூட்டத்துக்குப் போய்விட்டார். அன்றைக்கு சங்கிலிபூதத்தான் விழித்து மூன்று மணி நேரம் பட்டினி கிடந்தார்.

ஐந்தாம் நாள் வைத்தி பத்தமடைப் பாயைச் சுருட்டிக்கொண்டு துறைக்கே குடிவந்துவிட்டார். அறைக் கதவுக்கு வெளியே ஜன்னல் இல்லாத ஒரு சின்ன முன்னறை. அதில் ஒரு சுவர்க்கடிகாரம். சாப்பாட்டுத் தட்டு தள்ளுவதற்காகக் கதவின் அடியில் வைத்திருந்த திறப்பை ஒட்டித் தலையணையைப் போட்டார். இனி மணி அடித்தால் கையை நீட்டினால் போதும்.

படுத்தார். தூக்கம் வரவில்லை. எந்நேரமும் மணி அடிக்கலாம் என்று காத்திருக்கிறவனுக்கு எப்படி வரும்?

இதற்கும் ஒரு வழி இருந்தது. ஒன்றுவிட்ட தம்பி ஸ்ரீகுமார் நியூஜெர்ஸியில் இருந்தான். 'அண்ணா, நீ ஆராய்ச்சி பண்ணற மெலடோனினை இங்கே மளிகைக் கடையில் சோப்புக்குப் பக்கத்தில் விற்கிறார்கள்' என்று எழுதி ஒரு குப்பியும் அனுப்பியிருந்தான். படுக்கும் நேரத்துக்கு அரை மணி முன்னால் ஒரு மாத்திரை என்று மேலே போட்டிருந்தது. வைத்திக்கோ படுக்கும் நேரம் என்று ஒன்று இல்லை. எனவே தோராயமாக இரண்டு போட்டுக்கொண்டார்.

பதிமூன்று மணி நேரம் தூங்கினார். நல்ல வேளையாக, அவர் எழுந்து உட்கார்ந்த பிறகுதான் மணி அடித்தது.

வைத்திக்கு ஆச்சரியமாக இருந்தது. காகிதத்தைப் பார்த்தார். முதல் நாலு நாளும் சங்கிலிபூதத்தான் சூரியனைப் பார்க்காத எல்லா மனிதரையும் போல இருபத்தைந்து மணி நேரத்துக்கு ஒரு நாள் என்று ஓடிக்கொண்டிருந்தவர். இப்போது முப்பத்தொன்றாகியிருந்தது. மறு தடவையும் முப்பத்தொன்றேகால். அதற்கடுத்ததும் அப்படியே.

பேராசிரியர் திருஞானசம்பந்தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"வே, இது சாதாரண விஷயம் இல்ல. ஜெர்மன்காரன் பாதாள அறையெல்லாம் கட்டி இருபது வருஷம் பாத்தான். இந்தளவுக்கு நேரா ஒரு கோடு கிடைக்கல. விடாதீரும்."

வைத்தி விடவில்லை. மாத்திரையையும் விடவில்லை. ஏனென்றால் இப்போது அது இல்லாமல் தூக்கம் வரவில்லை; அது இருந்தால் எழுந்திருக்க முடியவில்லை. ஒருநாள் எழுந்து கடிகாரத்தைப் பார்த்து, ஓடிப்போய்த் தவளையின் இதயத்தைப் பற்றி இருபது நிமிஷம் பாடம் நடத்தினார். அது மாலைநேர வணிகவியல் வகுப்பு. ஒருவரும் எழுந்து சொல்லவில்லை. இரண்டு பேர் குறிப்பெடுத்துக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமையை மட்டும் அவர் மறக்கவில்லை. தூங்கி எழுவதை ஒவ்வொரு நாளாக எண்ணிக்கொண்டே வந்தார். கண் விழித்தபோது கடிகாரம் ஐந்தரை காட்டியது. கூடவே மணியும் அடித்தது. காஜா முகைதீனிடம் எலுமிச்சம்பழச் சாதத்தை ஒப்படைத்துவிட்டு, பைப்படியில் குளித்து, பட்டுக்கரை வேட்டி கட்டிக்கொண்டு வெளியே வந்தார். வெளிச்சம் மங்கலாக இருந்தது. பிள்ளைகள் புத்தகப் பையோடு போய்க்கொண்டிருந்தார்கள். விடிவதற்குள் டியூஷனுக்கு விரட்டுகிறார்களே என்று வருத்தப்பட்டார்.

கல்லிடைக்குறிச்சி பஸ் மேற்கே போகும். சூரியன் கண்ணுக்கு நேரே எதிரில் இருந்தது. உயிரியல் கடிகாரத்தில் ஒன்பது வருஷம் உழைத்த வைத்தி அதைக் கவனித்தார். டிரைவர் ஏதோ சுற்றுவழியில் போகிறான் என்று முடிவு செய்தார்.

ஏழுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது, கையில் பூவும் பழமுமாக மாமனார் வீட்டு வாசலில் நின்றார். பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே மாமனார் டிவியில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடி செய்தியையே கேட்டார்.

ஜயலக்ஷ்மி வெளியே வந்தாள்.

"ஏழு மணின்னியே ஜயா. இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கே" என்றார் வைத்தி.

"அது காலம்பற ஏழு."

வைத்தி வானத்தைப் பார்த்தார். அது இருட்டிக்கொண்டு வந்தது.

"காலம்பற ஏழுன்னா... அப்ப இன்னும் பன்னண்டு மணி நேரம் இருக்குன்னு சொல்லு."

"இன்னிக்கு சனிக்கிழமைன்னா" என்றாள் ஜயலக்ஷ்மி.

குரலை உயர்த்தவில்லை. பூவை மட்டும் வாங்கிக்கொண்டாள். "நேத்திக்கு எல்லாரும், அப்பா எங்கே, அப்பா எங்கேன்னு கேட்டா. குழந்தையும் வாசலையே பாத்துண்டு இருந்தா. நான் கொஞ்ச நாள் இங்கயே இருக்கேன். உங்களுக்கு ராத்திரி எது, பகல் எதுன்னு தெரிஞ்சப்புறம் வந்து கூட்டிண்டு போங்கோ."

திரும்புகிற பஸ்ஸில் வைத்தி உட்காராமல் நின்றுகொண்டே வந்தார். உட்கார்ந்தால் தூங்கிவிடுவோமோ என்று பயம். வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த குழந்தை நினைவுக்கு வரும்போதெல்லாம் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். பட்டம் வரட்டும், எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டார். கெட்டுப்போனது வீண் போகவில்லை என்று காட்ட அந்தக் கோடு ஒன்றுதான் அவரிடம் மிச்சம்.

பதினைந்தாம் நாள் கழிந்து கதவைத் திறக்கும் நாள் வந்தது. பேராசிரியர் கல்லூரித் துணை முதல்வரையே அழைத்திருந்தார். சுருள் காகிதத்தைச் சுவர் நீளத்துக்கு ஒட்டியிருந்தார்கள். வைத்தி கெஞ்சி எழுதிய கடிதத்தைப் படித்துவிட்டு ஜயலக்ஷ்மியும் வந்திருந்தாள். இடுப்பில் குழந்தை ப்ரீத்தி, காதில் புதுத் தோடு.

"ஒரே ஒரு தடவை வந்து பாரு, நான் எதுக்காக இப்படி ஆனேன்னு உனக்கே புரியும்னு எழுதியிருந்தேளே. எதைப் பாக்கணும்?" என்று கேட்டாள்.

வைத்தி சுவரைக் காட்டினார். பேராசிரியரே முந்திக்கொண்டார்.

"பாருங்கம்மா. உலகத்துல எல்லா மனுஷனுக்கும் உள்ளுக்குள்ள இருபத்தஞ்சு மணி நேரம். நம்ம ஆளுக்கு முப்பத்தொண்ணு. ஒரே மூச்சுல பதிமூணு மணி நேரத் தூக்கம். அஞ்சாம் நாள் ஆரம்பிச்சது, கடைசி வரைக்கும் ஒரு பிசகு இல்ல. இதுக்குத் 'தாமிரபரணி ரிதம்'னு பேர் வைக்கப் போறோம். உங்க வீட்டுக்காரர் சாதிச்சிட்டாரு."

ஜயலக்ஷ்மி கோட்டை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நடந்து பார்த்தாள். திரும்பி வந்து குழந்தையை வைத்தியின் கையில் கொடுத்தாள். வைத்தி புதுத் தோட்டை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

காஜா முகைதீன் கதவைத் திறந்தார். சங்கிலிபூதத்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு பைய வெளியே வந்தார். கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன.

"அதிகம் தூங்கினாலும் கண்ணு இப்படித்தான் செவக்கும்" என்று பேராசிரியர் துணை முதல்வருக்கு விளக்கினார்.

எல்லாரும் கைதட்டினார்கள். துணை முதல்வர் சங்கிலிபூதத்தானுக்குத் துண்டு போர்த்தி, "அண்ணாச்சி, தினம் பதிமூணு மணி நேரம் எப்படித்தான் தூங்கினீக?" என்று கேட்டார்.

"நான் எங்கய்யா தூங்குனேன்! அஞ்சாம் நாள்ல இருந்து சார் கதவடியில தலைய வச்சுக் குறட்டை விட ஆரம்பிச்சிட்டாரு. வெளிச்சம் அவரு மூஞ்சில அடிக்குமேன்னு குறட்டை கேட்டதும் வெளக்க அணைப்பேன்; திரும்பப் போட்டா மணி அடிச்சு மனுஷன எழுப்பிருமேன்னு இருட்டுலயே உக்காந்திருப்பேன், குறட்டை நின்னதும் போடுவேன்."