அர்த்தனாரியின் அடிவயிற்று விமர்சனம்

தமிழில் எந்தத் துப்பறியும் நாவல் வாழ வேண்டும், எது சாக வேண்டும் என்பது சென்னையில் முடிவாவதாக நம்புகிறவர்கள் மலையடிவாரத்துக் காரவள்ளியில் பஸ் ஏறியதில்லை. அது காலை முதல் பஸ்ஸில், ஓட்டுநருக்குப் பின்னால் ஜன்னலோர இருக்கையில், திரு. அர்த்தனாரி அவர்களின் மடியில் முடிவாகிறது. மலை மேலே, செம்மேட்டில், மலைமுகில் அறக்கட்டளை நடத்தும் நூலகத்தின் நூலகர் அவர். இலக்கியத்துக்கு அவர் ஆற்றிவரும் தொண்டை நாடு இன்னும் உணரவில்லை. நாட்டுக்கு வேறு வேலை இருக்கிறது. எனக்கு இல்லை.

நான் பொறியியல் படிப்பைப் பாதியில் விட்டவன். அடிவாரத்தில் ஒரு கோழித்தீவன ஆலையில் இரவுப் பணி. விடிந்ததும் அதே பஸ்ஸில், அவருக்குப் பக்கத்து இருக்கையில், மலை மேலுள்ள என் வீட்டுக்குத் திரும்புகிறேன். ஒரு மாபெரும் விமர்சகரின் அபிப்பிராயம் உருவாவதை இவ்வளவு அருகிலிருந்து கண்டு, சில நாள் என் சட்டையிலேயே பெற்றவன் வேறு எவனும் இல்லை.

அவருக்கு வீடு கீழே, வேலை மேலே. ஆகவே வாசிப்பு முழுவதும் பஸ்ஸில். நூலகத்தில் அவரால் வாசிக்க முடியாது. அங்கே அபிப்பிராயம் சொல்ல வேண்டியிருக்கிறது. புதிதாக வந்த திகில், மர்ம, துப்பறியும் நூல்களை ஏறும்போது படிப்பார். வரலாறு, வேளாண்மை, கவிதை முதலிய 'இதர நூல்களை' மாலையில் இறங்கும்போது, தூக்கம் வரும் வரை, படிப்பார். தினமும் காலை பத்து மணிக்கு அபிப்பிராயம் நட்சத்திரங்களுடன் கைப்பேசி வழியாக உலகத்துக்கு வெளியாகும். அது வெளியாகும் முன் எந்தப் புத்தகமும் அலமாரி ஏறக்கூடாது என்பது நூலகத்தின் சட்டம். சட்டத்தை இயற்றியவரும் அவரே.

காரவள்ளியிலிருந்து மேலே வரும் சாலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதை ஊரறியும். பத்தாவது வளைவில் அர்த்தனாரியின் நெற்றி வியர்க்கும். முப்பதில் வாயில் நீர் ஊறும். ஐம்பதில் கண் செருகும். இதெல்லாம் மற்றவர்களுக்கு நேர்ந்தால் பஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்பார்கள். அர்த்தனாரிக்கு நேர்ந்தால் அது இலக்கியம்.

"விமர்சனம் மூளையில பொறக்கறதில்ல தம்பி," என்பார் என்னிடம், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு. "அடிவயித்துல பொறக்குது. என் வயிறு இதுவரைக்கும் பொய் சொன்னதில்ல."

'மின்மயானத்தில் ஒரு மிஸ்டுகால்' நாவலைப் பற்றி அவர் எழுதியது: "முதல் அத்தியாயத்தில் உடல் சில்லிட்டது. மூன்றாவதில் குடல் புரண்டது. ஐந்து நட்சத்திரம்." 'சயனைடு சித்தப்பா'வைப் பற்றி: "படித்து முடித்தபின் வெகுநேரம் எழுந்து நிற்க முடியவில்லை." பதிப்பகங்கள் இவற்றைப் பின்னட்டையில் அச்சிட்டன. மூட்டை மூட்டையாகப் புத்தகம் அனுப்பின. 'சயனைடு சித்தப்பா'வை நானும் படித்தேன். சித்தப்பா சாகிறார். கொன்றது யார் என்று கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் இருநூறு பக்கம் தேடுகிறார். கதையில் சித்தப்பாவையும் கண்ணாடிக்காரரையும் விட்டால் இருப்பதே இன்னும் ஒரே ஓர் ஆள்தான்.

கண்டக்டர் சென்றாயனுக்கு மட்டும் இலக்கிய உணர்ச்சி போதாது. அவர் தினமும் ஓர் எலுமிச்சம்பழத்தை நீட்டுவார்.

"மோந்து பாருங்க சாரு, வவுறு அடங்கும்."

"வேண்டாம்ப்பா. எலுமிச்சம்பழம் மோந்தா என் நடுநிலை கெட்டுரும்."

"நடுநிலை கெட்டாப் பரவால்லீங்க. சீட்டு கெடுதுங்களே!"

இப்படிச் செழித்து வந்த இலக்கியத்தின் குறுக்கே வந்து நின்றவள் பானுமதி. செம்மேட்டுக்கு அப்பால் மரவள்ளிக் காட்டில் கிழங்கு பிடுங்குகிறவள். கிராம நிர்வாக அலுவலர் வேலைக்கான தேர்வு எழுதுகிறாள். போன முறை நூலிழையில் தவறிவிட்டது. அதற்குப் பின் பாடத்திட்டம் மாறிவிட்டது. அவளிடம் இருந்த பழைய கைடு அடுப்புக்குப் போய்விட்டது. ஐந்து பாகம் கொண்ட புது கைடு வாங்க வேண்டும் என்று அறக்கட்டளைக்கு மனு மேல் மனு கொடுத்தாள். பதிப்பகம் முதல் பாகத்தை மாதிரிக்கு அனுப்பியது. நூலகர் 'சரி' என்று எழுதினால் ஐந்து பாகமும் இலவசமாக வரும். கைடு 'இதர நூல்கள்' பிரிவில் சேர்க்கப்பட்டு, ஒரு மாலை பஸ்ஸில் இறங்கியது.

மறுநாள் பானுமதி ஓடி வந்தாள்.

"சாருங்க, கைடு வந்துருச்சாமுங்க?"

"வந்துருச்சு. படிச்சாச்சு. நிராகரிச்சாச்சு."

"ஏனுங்க?"

"விறுவிறுப்பே இல்ல கண்ணு. ஒரு கேள்வியப் போடறான். நாலு பேர் மேல சந்தேகத்தக் கெளப்பறான். சரி, யாரா இருக்கும்னு நாம பதறிட்டிருக்கையில சட்டுனு அடுத்த கேள்விக்குத் தாவிடறான். பாத்திரத்த வளத்தெடுக்கவே தெரியல. ரெண்டாவது வளைவு தாண்டறக்குள்ள நான் தூங்கிட்டேன்."

"அது பரீட்சைக்குப் படிக்கறதுங்க சார்!"

"அவங்கவங்க எதுக்கு வேணா படிக்கட்டும். படைப்பு நிக்கோணுமில்ல?"

"பரீட்சைக்கு ரெண்டு மாசங்கூட இல்லீங்களே. இந்தத் தடவையும் போச்சுன்னா அப்பன் என்னக் காட்டோட நிறுத்திப்போடும்."

"அதுவரைக்கும் 'சயனைடு சித்தப்பா'வ எடுத்துட்டுப் போ. பொழுது போகும்."

அந்த வாரம் மழை பிடித்தது. காரவள்ளிச் சாலையில் ஒரு பாறை உருண்டு வந்து நடுவில் உட்கார்ந்தது. பஸ்ஸை முள்ளுக்குறிச்சி வழியாகச் சுற்றி விட்டார்கள். அந்தச் சாலை சாது. மெதுவாக ஏறும், எப்போதாவது வளையும். சென்றாயனின் எலுமிச்சம்பழங்கள் பையிலேயே காய்ந்தன. அர்த்தனாரி வழக்கம்போல் மடியில் திகிலை விரித்தார். கொட்டாவி விட்டார். பக்கத்தைப் புரட்டினார். மறுபடியும் கொட்டாவி.

அபிப்பிராயங்கள் இடிபோல் இறங்கின. "உடல் சில்லிடவில்லை." "பேய் வந்தது. போய்விட்டது." 'கொலையாளிக்குக் குடும்ப அட்டை இல்லை' என்ற நாவலுக்கு: "கழுத்தை அறுக்கும் காட்சியில் எனக்குப் பசித்தது. அரை நட்சத்திரம்." பதிப்பகங்கள் பதறித் தொலைபேசின. தமிழ்த் துப்பறியும் இலக்கியத்தின் திடீர் வீழ்ச்சி குறித்து விவாதிக்க அறக்கட்டளையின் அவசரக் கூட்டம் கூட்டப்பட்டது. தலைவர், மிளகு மண்டி குப்புசாமி. பஜ்ஜி வந்துவிட்டதால் தலைவரும் வந்திருந்தார், நானும்.

"ஏனுங்க, எழுதறவங்க அத்தன பேரும் ஒரே வாரத்துல எப்படிங்க கெட்டுப்போவாங்க?" என்று கேட்டார் தலைவர்.

"சமூகச் சீரழிவுங்க," என்றார் அர்த்தனாரி. "எல்லாரும் செல்லுப்போன நோண்டிக்கிட்டே எழுதறானுங்க."

"நம்ம கையில ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"கண்டனத் தீர்மானம் போடலாமுங்க."

கொலைகளின் தரத்தை உடனடியாக உயர்த்துமாறு எழுத்தாளர்களைக் கேட்டுக்கொள்ளும் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அப்போது இன்னொரு மனுவோடு வாசலில் காத்திருந்த பானுமதி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"சாருங்க, இப்ப எந்த ரோட்டுல வாரீங்க?"

"முள்ளுக்குறிச்சி வழியா. அதுக்கென்ன இப்ப?"

"ஒன்னுமில்லீங்க. சும்மா கேட்டேன்."

கூட்டம் முடிந்து நான் வெளியே வந்ததும் என் சட்டையைப் பிடிக்காத குறையாக நிறுத்தினாள்.

"அண்ணா, காரவள்ளி ரோடு எப்பத் தொறக்கறாங்க?"

"பாறைய ஒடைக்கறாங்க. அடுத்த வாரம்னு சொல்றாங்க."

"அன்னிக்குக் காலைல அந்த ஆளு மடியில நம்ம கைடு இருக்கோணும்."

"எதுக்கு இந்தக் கூத்து? நிராகரிச்சதெல்லாம் வராண்டாவுல சாக்குலதான கெடக்குது. எடுத்துட்டுப் போய்ப் படி."

"அது மொதப் பாகந்தானண்ணா. மிச்ச நாலும் அவரு சரின்னாத்தான வரும்?"

"அட்டையப் பாத்தா கண்டுபிடிச்சுருவாரே?"

"அட்டைய நான் பாத்துக்கறேன். உள்ள இருக்கறத அவரு என்னிக்குப் பாத்தாரு, கண்டுபிடிக்கறக்கு?"

காக்கிக் காகிதத்தில் அட்டை போட்டாள். சிவப்பு மையால் ஒரு கத்தி வரைந்து அதிலிருந்து ஐந்தாறு சொட்டு வடியவிட்டாள். தலைப்பு: 'தேர்வறையில் நால்வர்'. ஆசிரியர் பெயரை மட்டும் மாற்றவில்லை. 'வல்லுநர் குழு' என்றே இருந்தது.

சாலை திறந்த அன்று காலை நான் அதை அர்த்தனாரியிடம் நீட்டினேன்.

"குழுவா?" என்று வியந்தார். "ஒரு கும்பலே சேந்து எழுதிருக்கு. பாக்கலாம்."

பஸ் முதல் வளைவில் ஒடித்துத் திரும்பியது. அர்த்தனாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். பத்தாவதில் நெற்றி வியர்த்தது.

"கீழ்க்கண்டவற்றுள் பொருந்தாதது எது?" என்று வாய்விட்டுப் படித்தார். "ஆரம்பத்துலயே ஒருத்தன் பொருந்தலையாம் தம்பி. ஊடுருவிட்டான்!"

"ஆமாங்க சார்."

முப்பதாவது வளைவில் என் கையைப் பற்றினார். "கூற்று சரி, காரணம் தவறுங்கறான். அப்ப யாரு பொய் சொல்றது? இந்தப் புத்தகத்துல ஒருத்தனையும் நம்ப முடியலையே!"

"சாரு, எலுமிச்சம்பழம்," என்றார் சென்றாயன், பல நாள் கழித்துக் கிடைத்த வாய்ப்பில் மகிழ்ந்து.

"தள்ளிப் போய்யா!"

எதிரே சுற்றுலா வேன் ஒன்று வந்தது. டிரைவர் பிரேக்கை மிதித்தார். அர்த்தனாரியின் விரல் கடைசி வரியில் நின்றது. "மேற்கண்ட... எவருமில்லை," என்று படித்தார். முகம் வெளுத்தது. "அப்பக் குற்றவாளியே இல்லையாடா!" என்று அலறி, தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினார். அதன்பின் அவர் கொடுத்தது முழுக்க முழுக்க உள்ளத்திலிருந்து வந்தது. உள்ளத்துக்குச் சற்றுக் கீழே.

பத்து மணிக்கு அபிப்பிராயம் வெளியானது: "தமிழ்த் துப்பறியும் இலக்கியம் பிழைத்துக்கொண்டது. பக்கத்துக்குப் பத்து மர்மம், மர்மத்துக்கு நான்கு சந்தேக நபர்கள். உயிர் தொண்டைக்கு வந்துவிட்டது. நட்சத்திரங்கள் போதவில்லை." அதையே நூலகரின் 'சரி'யாகப் பானுமதி அனுப்பிவைக்க, கைடு போட்ட பதிப்பகத்துக்கு ஒன்றுமே புரியவில்லை. ஆனாலும் ஐந்து பாகத்தையும் அனுப்பிவைத்தது. தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போதே கட்டு வந்து இறங்கிவிட்டது. பானுமதி அன்று சிரித்ததை நான் பார்த்தேன். 'தேர்வறையில் நால்வர்' என்று தட்டச்சு செய்து ஒட்டிய புதுச் சீட்டோடு ஐந்து பாகமும் 'திகில்' அலமாரியில் வரிசையாக நின்றன.

அவள் முதல் பாகத்தைப் பிரித்தாள். பின்பக்கம் போனாள். அப்புறம் இரண்டாம் பாகத்தின் பின்பக்கம். ஐந்தையும் புரட்டிவிட்டு மேசைக்கு வந்தாள்.

"சாருங்க, விடைப் பக்கமெல்லாம் எங்கீங்க?"

அர்த்தனாரி பெருமையோடு ஒரு பிளேடை எடுத்துக் காட்டினார். "நான்தான் அறுத்து வெச்சிருக்கேன். பத்திரமா பீரோவுல இருக்கு. பயப்படாத."

"ஏனுங்க அறுத்தீங்க?"

"பின்ன? அத்தன குற்றவாளியையும் கடைசில நம்பர் போட்டுக் காட்டிக் குடுத்திருக்கானுங்க! வாசகனுக்கு அதவிடத் துரோகம் இருக்குதா? எடுத்தவொடனே நீ கடைசிப் பக்கத்துக்குத்தான் போன. நான் பாத்தேன்."

"அது பாத்தாத்தான் நான் போட்டது சரியா தப்பான்னு தெரியுமுங்க."

"தெரியாம இருக்கறதுதான் கண்ணு திகில்."

"எப்பத் தருவீங்க?"

"பரீட்சைய எழுதிட்டு வா. வந்து பாரு. அப்ப ஒரு அதிர்ச்சி வரும் பாரு, சாகற வரைக்கும் மறக்க மாட்ட!"

பானுமதி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "ஏனுங்க சார், இந்த வேலைக்கு நீங்க ஏதாச்சும் பரீட்சை எழுதுனீங்களா?"

"எங்க காலத்துல அபிப்பிராயம் இருந்தாப் போதும்மா."

அவள் ஐந்து பாகத்தையும் கிழங்குச் சாக்கில் போட்டுத் தோளில் ஏற்றிக்கொண்டு, வாசலில் நின்ற என்னை ஏறிட்டும் பாராமல் போனாள்.

வாசகர்களின் ஆர்வத்தைக் காத்ததற்காக அறக்கட்டளை அர்த்தனாரிக்குப் பாராட்டு விழா எடுக்கிறது. 'மர்மக் காவலர்' என்ற பட்டமும் உண்டு. தலைவர் குப்புசாமி விழா மலருக்கு என் அபிப்பிராயத்தையும் கேட்டார். எழுதிக் கொடுத்துவிட்டேன்: "நான் படித்த மர்மக் கதைகளில் இதற்கு ஈடு கிடையாது. குற்றம் பட்டப்பகலில் நடக்கிறது. ஆயுதம் மேசை மேலேயே இருக்கிறது. பாதிக்கப்பட்டவள் வந்து வாய்விட்டுக் கேட்கிறாள். குற்றவாளி முதல் பக்கத்திலிருந்து நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறார். கடைசிப் பக்கத்தில் ஊரே திரண்டு வந்து அவரைப் பிடிக்கிறது, மாலை போட."