நாரை நடனம்: கூண்டில் இருப்பது ஒன்று

அன்பும் பதவியும் மிக்க மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அக்காவின் கணவரும் இந்த மிருகக்காட்சிசாலையின் அலுவலகக் கண்காணிப்பாளருமான நான் எழுதிக்கொள்வது. வீட்டில் உங்களை வாடா போடா என்றுதான் கூப்பிடுகிறேன். ஆனால் இது ஆபீஸ் விஷயம், நீங்களோ தலைமை அலுவலகம். ஆகவே கையெழுத்துப் போடும்வரை 'நீங்கள்'. இங்கே நான் நலம், உங்கள் அக்கா நலம், சிங்கம் நலம், கரடி நலம். நாரை நலமில்லை. அங்கே உங்கள் நலத்தையும், உங்கள் மேஜைமேல் சுகமாக உறங்கும் என் மனுவின் நலத்தையும் அறிய ஆவல்.

மனுவில் நான் ஒன்றும் ராஜ்ஜியத்தைக் கேட்டுவிடவில்லை. ஜோடி செத்ததிலிருந்து எங்கள் நாரை மூலையில் சுவரைப் பார்த்தபடி நிற்கிறது, மீனைத் தொடுவதில்லை, இப்படியே போனால் தாங்காது என்று கால்நடை டாக்டர் கையை விரித்துவிட்டார், அதனால் எங்கிருந்தாவது ஒரு நாரையை அனுப்பிவையுங்கள் என்றுதான் கேட்டேன். 'பரிசீலனையில் உள்ளது' என்றீர்கள். பிறகு ஒரு நாள் லாரி வந்தது. செருப்பைக்கூடப் போடாமல் ஓடினேன். உள்ளே நாரை இல்லை, பெயர்ப்பலகைகள் இருந்தன. பின்னாலேயே காரில் நீங்கள் அனுப்பிய புது இயக்குநர் வந்து இறங்கினார்.

நேற்றுவரை குடிநீர்க் குழாய்களை நிர்வகித்தவர் அல்லவா, மிருகங்களைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. வெளிநாட்டுச் சுற்றுப்பயணத்தில் ஒரு விஷயத்தைக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறார். அங்கே இங்கிலீஷில் ஒவ்வொரு மிருகக் கூட்டத்துக்கும் தனித்தனிப் பெயராம். சிங்கங்கள் கூடினால் பெருமை, கரடிகள் கூடினால் சோம்பல், ஆந்தைகள் கூடினால் பாராளுமன்றம், காக்கைகள் கூடினால் கொலை, நாரைகள் கூடினால் நடனம். "நாமளும் இப்படிப் பேர் வெச்சா ஜனங்க அலைமோதுவாங்க பாருங்க" என்றார். "பேர் வைக்கிறது சரி சார், கூட்டம் எங்க? நம்மகிட்ட எல்லாத்துலயும் ஒண்ணே ஒண்ணுதான இருக்கு" என்றேன். "மொதல்ல பேர் வைப்போம். கூட்டம் தானா வரும்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். இவ்வளவு அறிவை எங்களுக்கென்று ஒதுக்கிய தலைமை அலுவலகத்துக்கு நாங்கள் என்றென்றும் கடமைப்பட்டிருக்கிறோம்.

பலகைகள் ஏறின. 'சிங்கப் பெருமை' என்று ஆள் உயரத்துக்கு எழுதியிருக்க, அதன் கீழே பல்லில்லாத சிங்கம் ஒன்று கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது. வந்தவர்கள் எல்லாரும் டிக்கெட் ஜன்னலுக்குத் திரும்பி வந்து "மீதி எங்க?" என்றார்கள். டிக்கெட் கிழிப்பவர் சமயோசிதமாக "உள்ள தூங்குது" என்று சொல்லப்போக, ஒரு குடும்பம் பாயை விரித்து உட்கார்ந்து, மீதிச் சிங்கங்கள் எழுந்திருக்கும்வரை நகரமாட்டோம் என்று கேட் பூட்டும் நேரம்வரை அடம்பிடித்தது. 'கரடிச் சோம்பல்' பரவாயில்லை, கரடி தன்னால் முடிந்தவரை பலகைக்கு விசுவாசமாக நடந்துகொள்கிறது. 'ஆந்தைப் பாராளுமன்ற'த்தில் ஒரே ஒரு ஆந்தை நாள் முழுக்கத் தூங்குகிறது, அந்தப் பலகையை மட்டும் யாரும் குறை சொல்லவில்லை. எங்களிடம் உண்மையிலேயே கூட்டமாக இருப்பது கேன்டீன் கூரைமேல் ஓசியில் வாழும் காக்கைகள்தான். அங்கே 'காக்கைக் கொலை, இந்தப் பக்கம்' என்று அம்புக்குறி போட்டார்கள். உயிர்வதைத் தடுப்புக்காரர்கள் கொடியோடு வந்துவிட்டார்கள். அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து, விளக்கம் கொடுத்து, கடைசியில் கேன்டீனில் வடை வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். அந்த வடையையும் காக்கை தூக்கிக்கொண்டு போனது.

இதற்குள் நீங்கள் ஆய்வுக்கு வரப்போவதாகத் தகவல். பலகையில் கூட்டம், கூண்டில் ஒன்று என்று நீங்கள் கண்டுபிடித்துவிட்டால்? இயக்குநர் யோசித்துக் கூண்டுக்கு ஒரு நிலைக்கண்ணாடி வாங்கினார். இப்போது எல்லாமே இரண்டு. சிங்கம் தன் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனதுதான், இன்னும் வெளியே வரவில்லை. ஜனங்கள் கரடியை விட்டுவிட்டுக் கண்ணாடியில் தலை சீவிக்கொள்கிறார்கள். பாராளுமன்றத்தில் இரண்டு உறுப்பினர்களும் தூங்குகிறார்கள்.

இத்தனை பெயர் வைத்தவர்கள் மனுஷனை மட்டும் விட்டுவைக்கலாமா? நானே வைத்துவிட்டேன். இயக்குநர்கள் கூடினால் 'ஒத்திவைப்பு'. தலைமை அலுவலகத்தார் கூடினால் 'பரிசீலனை'. மைத்துனர்கள் கூடினால் 'பார்க்கலாம் அத்தான்'. பலகை எழுதி அனுப்பவா?

விஷயத்துக்கு வருகிறேன். நாரைக் கூண்டின்மேல் 'நாரை நடனம்' என்று தொங்குகிறது. கீழே அது சுவரைப் பார்த்து நிற்கிறது. என் மதியச் சாப்பாட்டை அந்தக் கூண்டுப் பக்கம் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன். அங்கே காற்று வரும் என்பதால்தான், வேறு காரணம் எதுவும் இல்லை. இன்று அதற்கும் கண்ணாடி மாட்டப்போகிறார்களாம். துணைக்கு ஏங்கும் ஜீவனிடம் அதன் முகத்தையே காட்டி ஏமாற்றுவதா? எனக்கு வயிறு எரிகிறது. ஆகவே பலகைகளை இறக்கவும், கண்ணாடிகளைக் கழற்றவும், இயக்குநரைக் குழாய்களிடமே திருப்பி அனுப்பவும் உடனே உத்தரவு போடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் பதவி உயரவும், மேஜைமேல் காகிதம் குறையவும், நாற்காலியிலிருந்து ஒரு தடவையாவது எழுந்திருக்கும் பாக்கியம் உங்களுக்குக் கிட்டவும் மனதார ஆசீர்வதிக்கிறேன். உங்கள் அக்கா விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
கண்காணிப்பாளர்

பி.கு.: டேய், மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடு. கடிதத்தை ஒட்டுவதற்குள் நாரைக் கூண்டில் கண்ணாடியை மாட்டிவிட்டார்கள். சண்டை போடத்தான் போனேன். அது திரும்பிப் பார்த்தது. கழுத்தை நீட்டிக்கொண்டு கிட்டே போனது. அப்புறம் இறக்கையை விரித்து ஒரு குதி குதித்தது பார், ஆடுகிறதடா! குனிந்து நிமிர்ந்து, சுற்றிச் சுற்றி வந்து ஆடுகிறது. நானும் இயக்குநரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், எனக்கும் தூசி விழுந்துவிட்டது. பலகை இருக்கட்டும், கண்ணாடி இருக்கட்டும், அந்த மனுஷனும் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் நாரையை மட்டும் சீக்கிரம் அனுப்புடா. முதல் மீனை அது தின்றது. இரண்டாவது மீனைக் கொண்டுபோய்க் கண்ணாடி முன்னால் வைத்துவிட்டு, இன்னும் காத்துக்கொண்டு நிற்கிறது.