உச்சி மாநாடும் அத்தையின் கோடிச் சேலையும்

மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் செய்தி படிக்கலாம், தப்பில்லை. படித்ததற்கு விளக்கம் மட்டும் சொல்லக் கூடாது. இந்த ஞானம் எனக்கு வந்த அன்று கோலாலம்பூரில் பல நாட்டுத் தலைவர்கள் பொருளாதாரம் பேசக் கூடியிருந்தார்கள். அதே ஊரில் என் அத்தை செத்துக் கிடந்தார்.

பாக்கியம் அத்தை அப்பாவின் ஒரே தங்கச்சி. செண்டாயான் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் அப்பாவோடு சேர்ந்து பால்மரம் வெட்டியவர். கல்யாணம் கட்டிக் கோலாலம்பூர் செந்தூல் அடுக்குமாடிக்குப் போனார். அவர் மகன் குமார் மச்சான்தான் காலையில் போன் போட்டான்.

"மாமாவக் கூட்டிட்டு வாடா. ரெண்டு மணிக்கு எடுத்துருவோம், மின்சுடலையில அந்த நேரந்தான் கெடைச்சுச்சு. ட்ரெயின்ல வாங்க. ரோடெல்லாம் ஜாம்லா."

கல்யாணமான பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து ஒரு புதுச் சேலை வர வேண்டும். பிறந்த வீட்டுக் கோடி. அதைப் போர்த்தித்தான் எடுப்பார்கள். அத்தையின் பிறந்த வீட்டில் மிச்சம் இருந்தது அப்பா ஒருவர்தான். எங்கள் ஊர் சிரம்பானில் ஜவுளிக்கடை ஷட்டர் தூக்கும்வரை வாசலிலேயே நின்று, பச்சைச் சேலை ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து என் பழைய காரில் உட்கார்ந்தார்.

"ஸ்டேசனுக்கு விடுடா. ட்ரெயின்லயே போயிருவோம்."

அப்போதுதான் என் போனில் அந்தச் செய்தி. 'உச்சி மாநாட்டை முன்னிட்டுச் சாலைகள் மூடப்படும்.' உச்சி வெயில் எனக்குத் தெரியும். கோயிலில் உச்சிக்காலப் பூசை தெரியும். உச்சி என்றால் பகல் பன்னிரண்டு மணி. என் மூளை அதோடு கடையை அடைத்துவிட்டது.

"அப்பா, உச்சி மாநாடுன்னா உச்சி நேரத்துல நடக்கிற மாநாடு. பன்னெண்டு மணிக்குத்தான் ரோட்ட அடைப்பான். இப்பவே கார்ல போனா நேரா அத்த வீட்டு வாசல்ல எறங்கலாம்."

"நெசமாத்தான் சொல்றியா?"

"நியூஸ்லயே போட்டிருக்கான்பா!"

(பெரிய தலைவர்கள் கூடினால் அது உச்சி மாநாடு, நேரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று பிறகு ஒரு டீச்சரம்மா விளக்கினார். பிறகு.)

வழி முழுக்க நான் சும்மா வரவில்லை. அப்பா அழுதுவிடக் கூடாதே என்று நாட்டின் பெருமையை எடுத்துவிட்டேன்.

"ஒலகமே நம்ம நாட்டத் தேடி வருதுப்பா. பொருளாதாரம் ஏறும்."

"ஏறி?"

"எங்க செனாவாங் ஃபேக்டரிக்கு ஆர்டர் வரும். ஓவர்டைம் கெடைக்கும்."

"ம்" என்றார் அப்பா. மடியில் இருந்த சேலையைத் தடவிக்கொண்டே வந்தார்.

தலைநகருக்குள் நுழைந்ததும் போலீஸ் தடுப்பு. உச்சிக்கு இன்னும் நெடுநேரம் இருந்தது. ஓர் இளம் போலீஸ்காரர் குனிந்து பார்த்தார். வெள்ளை வேட்டியில் அப்பா. மடியில் பளபளவென்று சேலை. பின்சீட்டில் ரோஜா மாலை.

"பூடாயா?" என்றார்.

கலாச்சாரக் குழுவா என்று கேட்கிறார். எனக்கு அது விளங்கவில்லை. ஆனால் போலீஸ் எதைக் கேட்டாலும் "யா, துவான்", ஆமாம் ஐயா, என்பது என் கொள்கை. (லைசென்ஸ் இல்லாமல் மோட்டார் ஓட்டிய காலத்துப் பழக்கம்.)

"யா, துவான்!"

சட்டென்று தனிப்பாதை திறந்தது. "பாத்தியாப்பா, நம்ம செல்வாக்க?" என்று நான் பீற்றிக்கொண்ட ஐந்தாவது நிமிடம், மாநாட்டு மண்டபத்தின் பின்வாசலில் இருந்தோம். முன்னால் தடுப்பு, பின்னால் நடனக் குழுவின் பேருந்து. கழுத்தில் அட்டை தொங்கிய ஓர் அக்கா ஓடிவந்து, "லம்பாட்லா பாக்சிக்! செப்பாட்!" என்று அப்பாவை இறக்கி வரவேற்பு வரிசையில் நிறுத்தினார். இவ்வளவு தாமதமா, பெரியவரே, சீக்கிரம் என்று அர்த்தம். கையில் ஒரு குட்டிக் கொடியையும் கொடுத்தார்.

ஒரு கையில் கொடி. ஒரு கையில் கோடி.

"ஆடெக் சாயா மாத்தி" என்றார் அப்பா. என் தங்கச்சி செத்துப்போச்சு.

அந்த நேரம் பார்த்துக் கொம்பாங் மேளம் அதிர்ந்தது. கறுப்புக் கார்கள் வரிசையாக வந்தன. சுற்றிலும் எல்லாரும் கொடியை ஆட்டினார்கள். அப்பாவின் கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. பக்கத்தில் இருந்த படக்காரர் அதை நாட்டுப்பற்று என்று நினைத்துக்கொண்டு, ரொம்ப உருக்கமாகப் படம் எடுத்தார்.

மேளம் ஓய்ந்ததும் அப்பா மறுபடி சொன்னார். அந்த அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். கொடியை மெதுவாக வாங்கிக்கொண்டு போலீஸிடம் ஓடினார், கெஞ்சினார். இன்னும் கார்கள் வர வேண்டும், அதுவரை ஈ கூட வெளியே போக முடியாது என்று சொல்லிவிட்டார்கள். குமார் மச்சான் போன் போட்டுக்கொண்டே இருந்தான். "எங்கடா இருக்கீங்க?" என்று கேட்டால் என்ன சொல்வது? மாநாட்டில் இருக்கிறோம் என்றா?

நாங்கள் மின்சுடலையைச் சேர்ந்தபோது உலையின் இரும்புக் கதவு மூடியிருந்தது.

அத்தையின் புருஷன், என் மாமா, வந்து அப்பாவின் தோளைப் பிடித்தார். "மச்சான், போன தீவாளிக்கு நீங்க எடுத்துக் குடுத்த சேல... மடிப்புக் கலைக்காம வச்சிருந்தா. அதத்தான் போத்தி அனுப்புனோம். அதுவும் உங்க வீட்டுக் கோடிதான்."

கொண்டுவந்த கோடியைத் திருப்பி எடுத்துப் போகக் கூடாது. அப்பா அதைக் கதவுக்கு முன்னால் வைத்தார். மடிப்பைச் சரிசெய்தார். நகர்ந்தவர் திரும்பி வந்து இன்னொரு தடவை சரிசெய்தார்.

அதிலிருந்து எந்த வீட்டு விசேஷம் என்றாலும் எனக்குத்தான் முதல் போன். "மருமவனே, அன்னிக்கு நாட்டுல மாநாடு ஒண்ணும் இல்லையே?" அந்தப் பேச்சு வந்தாலே அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். அத்தையின் வருஷத் திவசத்தில் குமார் மச்சான் மறுபடி ஆரம்பித்தான். அன்று அப்பா எழுந்திருக்கவில்லை.

"ஏன்டா அவனையே போட்டு ஓட்டுறீங்க? தோட்டத்துல பால்வாளி தூக்குனவ எந்தங்கச்சி. அவ போன அன்னிக்கு கோலாலம்பூர்ல ரோட்ட அடைச்சு, போலீஸ நிறுத்தி, மேளம் அடிச்சாங்கல்ல? எந்தப் பெரிய மனுசன், எந்த டத்தோ வீட்டுச் சாவுக்குடா இப்பிடி நடக்கும்?"

வீடே சிரித்தது.

இப்போது அந்தக் கதையை அப்பாதான் சொல்கிறார். நான் சொன்னால் சரியாக வரவில்லையாம். கடைசி வரிக்கு வரும்போது அவர் குரல் உடையப் பார்க்கும். அதற்குள் யாராவது ஒருத்தர் சத்தமாகச் சிரித்துவிட வேண்டும்.

பெரும்பாலும் நான்தான்.