லைன் எங்கே அறுந்தது?

"எங்கம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிஞ்சு நாலு நாள் ஆச்சாம். ஊருக்கே தெரியுது, பெத்த பொண்ணு எனக்குத் தெரியலை!"

மனைவி போனை சோபாவில் எறிந்தாள். கம்பெனியில் கம்ப்யூட்டர் நெட்வொர்க் பார்க்கும் கணவன், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றான்.

"யார் சொல்லலை?"

"நடுவக்காதான். அம்மா பெரியக்காகிட்ட சொல்வா. பெரியக்கா நடுவக்காகிட்ட, அவ என்கிட்ட. என்னிக்கும் இப்படித்தானே? இனி அவ மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன். அம்மா கண்ணைக் கட்டிப் படுத்திருந்தப்ப பக்கத்துல நான் இல்லையேங்க..."

சொல்லும்போதே அழுதுவிட்டாள். அவனுக்கு மனசு கேட்கவில்லை. அக்காவும் தங்கையும் நகமும் சதையுமாக இருந்தவர்கள். இவர்கள் பேச்சை முறித்துக்கொண்டால் வீட்டில் நிம்மதி ஏது?

"யார் தப்புன்னு தோண்டவே கூடாதும்மா. ஒரு கேபிள் அறுந்தாலும் சேதி போய்ச் சேர்ற மாதிரி அமைச்சுடணும். அதான் எங்க தொழில். நீங்க எல்லாரையும் ஒரே சங்கிலியா கோத்து வெச்சிருக்கீங்க. நடுவுல ஒண்ணு போனா கடைசி ஆள் அம்போதான்."

அன்றே மாமியாரையும் மனைவியையும் நேராகப் பேசவைத்தான். சங்கிலி வளையமாயிற்று. ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கம் சேதி வரும். வந்தது.

மூன்றாம் நாள் பெரியக்காவின் போன் வாளித் தண்ணீரில் விழுந்தது. வளையம் ஓர் அறுப்பைத் தாங்கும், இரண்டைத் தாங்காது. ஒரு பக்கம் பேசாத தங்கை, மறுபக்கம் குளித்த போன். நடுவக்கா தன்னந்தனியாக மாட்டிக்கொண்டாள்.

"என்னைத் தள்ளிவெச்சுட்டாங்க" என்று அவள் பக்கத்து வீட்டில் அழுதது மட்டும் எப்படியோ எல்லோர் காதுக்கும் வந்தது.

"பரவாயில்லை. எல்லாரும் அத்தைகிட்ட மட்டும் சொல்லுங்க. அவங்க எல்லாருக்கும் சொல்லட்டும்" என்றான், பெரியக்காவின் போன் காய்ந்து உயிர்பெற்றதும்.

கண்ணுக்கு ஓய்வு வேண்டுமென்று மாமியார் மதியம் போனை அணைத்துவிட்டுத் தூங்கினார். நடுவில் இருப்பவர் தூங்கினால் குடும்பமே ஊமை. மூன்று மகள்களும் மூன்று வீடுகளில் "ஐயோ, அம்மாவுக்கு என்னாச்சோ!" என்று அலறினார்கள்.

"சரி, கடைசி வழி. எல்லாரும் எல்லார்கிட்டயும் பேசுங்க. நாலு பேர், ஆறு வழி. அசைக்கவே முடியாது!"

தங்கையும் நடுவக்காவும் பேசாததால் ஆறில் ஒன்று அறுந்தேதான் கிடந்தது. மீதி ஐந்து போதும் என்று அவன் மார்தட்டிக்கொண்டான். ஆசாமிக்கு அவ்வளவு நம்பிக்கை.

ஞாயிற்றுக்கிழமை காலை மாமியார் தும்மினார். ஐந்து வழியிலும் சுற்றிய தும்மல் இருமலாகி, இருமல் காய்ச்சலாகி, பதினோரு மணிக்கு "அம்மாவுக்கு மூச்சே இல்லையாம்" என்று வந்து சேர்ந்தது. மூன்று குடும்பங்களும் போட்டது போட்டபடி ஓடின.

மாமியார் ஜன்னலோரம் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

"என்னடி இது, சொல்லாமக் கொள்ளாம மொத்தமா வந்து நிக்கறீங்க?"

வாசலில் முட்டிக்கொண்ட நடுவக்காவும் தங்கையும் அம்மாவைப் பார்த்ததும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். பிறகு சிரித்தார்கள்.

"நான் அன்னிக்கே உனக்குச் சொல்லச் சொன்னேன்டி. இதோ நிக்கிறாரே, இவர்தான் மறந்து தொலைச்சுட்டாராம்!" என்று நடுவக்கா தன் கணவரைக் காட்டினாள்.

எல்லோரும் அவர்மேல் பாய்ந்தார்கள். மனிதர் அசடு வழியச் சிரித்தார். நம்மாளுக்குக் கேட்கவா வேண்டும்!

"என்ன சகலை, ஒரே ஒரு சேதி! அதைக்கூடக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியலையா? எவ்வளவு நல்ல நெட்வொர்க்கா இருந்தாலும் உங்களை மாதிரி ஒருத்தர் போதும், மொத்தமும் படுத்துடும்!"

மனைவி அவனைப் பெருமையாகப் பார்த்தாள். வெகு நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு. அவனுக்கு வயிறு குளிர்ந்தது. அக்காவும் தங்கையும் தோளில் கைபோட்டபடி சமையலறைக்குள் போனார்கள்.

சகலை பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒரு ஆரஞ்சுச் சுளையை நீட்டிக் குரலைத் தாழ்த்தினார்.

"அன்னிக்கு உங்க ஆபீசுக்குத்தான் போன் பண்ணினேன் சகலை. 'இங்க லைன் போச்சு, தலைக்கு மேல வேலை, அவகிட்ட நானே சொல்லிக்கிறேன்'னு போனை வெச்சது நீங்கதான்; ஒரு வீடாவது நிம்மதியா இருக்கட்டுமேன்னு, நான் மறந்ததாவே சொல்லிட்டேன்."